வாசலில் எடுத்த ஒரு பிடி இலை

போனை வைத்த பிறகும் சீட்டக்காவின் கை காதை விட்டு இறங்கவில்லை. எதிரே நூற்று நாற்பது சாக்கு காஞ்சொறி இலை, வண்டியில் ஏறக் காத்துக்கொண்டு வரிசையாக நின்றது. 

பேசியவர் இலையை வாங்கும் மூலிகைத் தேநீர்க் கம்பெனியில் தரம் பார்க்கிறவர். மரியாதையான மனிதர். கெட்ட செய்தியைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சொல்வார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. போன வாரம் எங்க ஆள் வந்து பத்து சாக்குலேருந்து மாதிரி எடுத்துட்டு வந்தாரில்ல, அதையெல்லாம் ஒண்ணாக் கலந்து பார்த்ததுல பூச்சிமருந்து இருக்குன்னு லேப்ல எழுதியிருக்காங்க. ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா இருக்கு."

காட்டில் தானாக முளைக்கிற செடி. தொட்டால் அரிக்கும் என்று ஆடுமாடுகூட அண்டாது. அதற்கு யார் போய் மருந்தடிப்பார்கள்?

"சரக்கை அங்கேயே நிறுத்தி வைங்க. சான்றிதழ் ஆபீசுக்கும் நான் சொல்லியாகணும். அவங்க ஆய்வாளர் எப்படியும் இந்த மாசம் வர்றாங்க. அதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு, பத்து சாக்கின் எண்களையும் நிதானமாகப் படித்தார் அவர்.

சீட்டக்கா என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். கூட்டுறவுக் குழுவில் முப்பத்தொரு பேர் மலைச்சரிவுகளில் இலை அறுக்கிறார்கள். அறுத்து, அவரவர் வீட்டு நிழலில் காயவைத்து, சாக்கில் கட்டிக் கிடங்குக்குக் கொண்டுவருவார்கள். யார் அறுத்தது, எந்தச் சரிவு, என்ன தேதி என்று ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு சீட்டு வேண்டும். சீட்டில்லாத சாக்கு வாசல்படி தாண்டாது. வண்டி ஓட்டும் அவள் கணவரே ஒருமுறை சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து, மழையில் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். "பொண்டாட்டிகிட்ட சீட்டு வாங்காம இந்த மனுஷன் மூச்சுக்கூட விட முடியாது" என்று அதை வைத்து ஒரு வருடம் சிரித்தார்கள்.

சீட்டோடு அவள் நிற்கமாட்டாள். வாசலிலேயே சாக்கைப் பிரித்து ஒரு பிடி இலை எடுத்து, காகிதப் பையில் போட்டு ஒட்டி, அதே எண்ணை எழுதி, பக்கத்து அறையில் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். எதற்கு என்று கேட்டால், "விதியில இருக்கு" என்பாள். விதி நிறைய இருந்தது. செடியின் மேல்பாதியைத்தான் அறுக்கலாம். மூன்று புதருக்கு ஒன்றைத் தொடாமல் விடவேண்டும். ஒவ்வொரு சரிவையும் மூன்று வருடத்துக்கு ஒரு வருடம் சும்மா போடவேண்டும். இத்தனைக்கும் பதிலாகத் தேநீர்ப் பெட்டியின் மூலையில் நகக்கண் அளவுக்குச் சான்றிதழ் முத்திரை ஒன்று. நியாயமாக வாங்கினோம், காட்டை அழிக்காமல் எடுத்தோம் என்று அதற்கு அர்த்தம். அந்த முத்திரை வந்த பிறகுதான் முன்கூட்டியே பேசிய விலை கைக்கு வந்தது. கிடங்குக்குக் கூரை வந்தது. முப்பத்தொரு பேருக்கும் கையுறை வந்தது.

கையுறை போடாதவர் ஒரே ஒருவர்தான். சீட்டக்காவின் நாத்தனார். கணவருக்கு மூத்தவர். முப்பது வருடமாக வெறுங்கையால் காஞ்சொறி அறுத்து, உள்ளங்கை மரப்பட்டையாகிவிட்டது. "இலை என்னைக் கடிக்கிறதில்ல, நான்தான் அதைக் கடிக்கிறேன்" என்பார். அவர் நாக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், பட்ட இடம் ஒரு நாள் முழுக்க அரிக்கும்.

கம்பெனிக்காரர் படித்த பத்து எண்களையும் சீட்டக்கா சீட்டுக்கட்டோடு ஒத்துப் பார்த்தாள். பத்தில் ஆறு, நாத்தனாருடைய சாக்கு.

நாத்தனாருக்கு ஒதுக்கிய சரிவின் கீழ்க்கோடியில் ஒரு பழத்தோட்டம் இருந்தது. தோட்டக்காரர் மரத்துக்கு மருந்தடிக்கிறவர். வேலியிலிருந்து ஐம்பதடி தள்ளித்தான் அறுக்கவேண்டும் என்று சீட்டக்காவே போய்க் கல் நட்டு வைத்திருந்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் பட்டப்பகலாகத் தெரிந்துவிட்டது. வேலியோரத்தில் இலை கொழுத்துக் கிடந்திருக்கும், இவர் கல்லைத் தாண்டி நாலு வீச்சு வீசியிருப்பார்.

யோசித்துச் செய்திருக்கலாம். வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அன்று மதியம் நாத்தனாரே ஒரு சாக்கோடு வந்து கிடங்கு வாசலில் நின்றார். பின்னால் நாலைந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். சீட்டக்காவால் அடக்க முடியவில்லை.

"அண்ணி, தோட்டத்து வேலிகிட்ட எங்கயாவது அறுத்தீங்களா?"

"ஐம்பதடி தள்ளி நில்லுன்னு சொன்னே. நான் நூறடி தள்ளித்தான் நிக்கிறேன். ஏன்?"

"இலையில மருந்து இருக்காம். பத்து சாக்குல ஆறு உங்களுது."

 நாத்தனார் சாக்கை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"அப்ப நான்தான் கலந்தேன்."

"நான் அப்படிச் சொல்லலையே அண்ணி."

"சொல்லாம சொல்றதுக்கு உங்கிட்டதான் பாடம் படிக்கணும்." இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இத்தனை பேர் முன்னாடி கேட்டே பாரு, நல்லாயிருக்கு. இந்தா, இதுக்கும் ஒரு சீட்டு எழுதி வச்சுக்கோ."

சத்தமே போடாமல் திரும்பி நடந்தார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது சீட்டக்காவுக்கு.

அன்றைக்கு மாலையே கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். வாசலில் எடுத்துப் பூட்டிவைத்த பைகள் இருக்கின்றன, அனுப்பட்டுமா என்று கேட்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம். "பையையும் அனுப்புங்க, அதே சாக்குலேருந்து இப்ப ஒரு பிடி எடுத்து அதையும் தனியா அனுப்புங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் கதை புரியும்" என்றார். பத்துப் பழைய பை, பத்துப் புதுப் பை. உண்மையைச் சொல்லப்போனால், நாத்தனார் செய்த தப்பைக் காகிதத்தில் பார்த்துவிட்டால் தன் மனசு ஆறும் என்றுதான் அவள் அனுப்பினாள்.

பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் வீடு வீடாக இல்லை. கணவர் இரண்டு பக்கமும் அடிவாங்கும் மத்தளம் ஆனார். அக்கா வீட்டுக்குப் போனால், "வந்துட்டாரு நீதிபதி வீட்டுக்காரர்" என்று வரவேற்பு. இங்கே வந்தால் மனைவி தட்டைப் போடும் சத்தமே ஒரு கேள்வி. சமாதானம் பேசும் கலை அவருக்கு வராது. அதனால் வண்டியைக் கழுவினார். பன்னிரண்டு நாளில் ஒன்பது தரம் கழுவினார்.

குழுவிலும் முணுமுணுப்பு கிளம்பியது. சான்றிதழ் போனால் எல்லோருக்கும்தான் போகும். "ஒருத்தி பண்ணினதுக்கு முப்பது பேர் பட்டினியா?" என்றாள் ஒருத்தி. "அந்தக்கா அப்படிப்பட்டவங்க இல்ல" என்றாள் இன்னொருத்தி. சீட்டக்காவுக்கு இரண்டும் ஒரே மாதிரி குத்தியது. சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. முகத்தில் கட்டியிருக்கும் துணிக்குள்ளேயே மூச்சு முட்டியது. இலைத்தூசி அவளுக்கு ஆகாது, ஒரு நாளைக்கு நாற்பது தும்மல் போடுவாள். கிடங்குக்குள் எப்போதும் மூக்கையும் வாயையும் மூடித்தான் இருப்பாள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் கடிதம் வந்தது. ஆய்வாளர் வர இன்னும் ஒரே நாள் இருந்தது.

இரண்டு பட்டியல். முதல் பட்டியல், வாசலில் எடுத்துப் பூட்டிவைத்த பத்துப் பை. பத்திலும் மருந்து இல்லை. அவள் மூன்று முறை படித்தாள். நாத்தனாருடைய ஆறிலும் இல்லை. இரண்டாவது பட்டியல், அதே சாக்குகளிலிருந்து இப்போது எடுத்தது. ஏழில் மருந்து இருந்தது, மூன்றில் இல்லை.

சீட்டக்கா ஒரு சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாசலுக்கு வரும்போது இலை சுத்தமாக இருந்திருக்கிறது. அப்படியென்றால் சரிவு சுத்தம், காடு சுத்தம், அண்ணியின் கை சுத்தம். மருந்து பட்டது இங்கே, வாசலுக்கு உள்ளே, சாவி தன் இடுப்பில் இருக்கும் இந்தக் கிடங்குக்குள்.

வெட்கப்பட வேண்டிய நேரம். வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கியெடுத்த மாதிரி ஒரு மூச்சு. மலையில் மருந்து கலந்திருந்தால் மனிதர் கையில் என்ன இருக்கிறது? நாலு சுவருக்குள் நடந்திருந்தால் தேடிவிடலாம், துடைத்துவிடலாம்.

எழுந்து எண்களைத் தேடினாள். மருந்து பட்ட ஏழு சாக்கும் அவள் சீட்டெழுதும் மேசையை ஒட்டி நின்றன. மருந்து படாத மூன்றும் பின்சுவரோரம் இருந்தன. கடைசியாக வந்ததால் நாத்தனாரின் சாக்குகள் மேசைப் பக்கமே அடுக்கப்பட்டிருக்கின்றன. கம்பெனி ஆளும் பெரும்பாலும் கைக்கு எட்டிய சாக்காகப் பார்த்து எடுத்திருக்கிறார். ஆறு அவருடையது என்பதற்கு அவ்வளவுதான் அர்த்தம்.

கணவர் அப்போதுதான் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். அவள் கடிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடினாள்.

"ஏங்க, அண்ணி சாக்கெல்லாம் சுத்தமாம்! வரும்போது சுத்தமா இருந்திருக்கு. மேசையைச் சுத்தி இருக்கிறதுலதான் பட்டிருக்கு. இங்கதான் யாரோ ஏதோ அடிச்சிருக்காங்க!"

அவர் முகத்தில் முதலில் வெளிச்சம் வந்தது. கடைசி வரியைக் கேட்டதும் வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. வண்டிப் படியில் உட்கார்ந்தார்.

"மேசையைச் சுத்தியா?"

"ஆமாங்க."

"பூச்சிமருந்துன்னா… கொசுமருந்தும் அதுல சேத்தியா?"

சீட்டக்கா அவரையே பார்த்தாள்.

"நீ சாயங்காலம் உக்காந்து சீட்டு எழுதறப்போ காலைச் சொறிஞ்சுக்கிட்டே இருப்பியே. போன வருஷம் புண்ணாவே ஆயிடுச்சு. அதான் நான் சாக்கு இறக்க உள்ள வர்றப்போ, நீ உக்கார்றதுக்கு முன்னாடி மேசைக்கடியில ரெண்டு அடி அடிச்சுட்டுப் போவேன். வாசனை வந்தா உனக்குத் தும்மல் வரும்னு வாசனையில்லாத டப்பாவா தேடி வாங்கினேன்." சொல்லச் சொல்ல அவர் குரல் உள்ளே போனது. "இலை மேல அடிக்கல. சத்தியமா அடியிலதான் அடிச்சேன்."

இந்த வருடம் கொசுவே இல்லை, மழை குறைச்சல் போலிருக்கிறது என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருந்தாள்.

மேசைக்கு மேலே சுவரில் பலகை தொங்கியது. கிடங்குக்குள் மருந்து, புகை, வாசனைப் பொருள் எதுவும் கூடாது. அவள் கையெழுத்து. ஆணி அடித்தவர் இவர்.

"அதைப் படிக்கவே இல்லையா நீங்க?"

"படிச்சேன். மத்தவங்களுக்குன்னு நினைச்சேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை தும்மலில் முடிந்தது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "நான் பண்ணினதுன்னு நாளைக்குச் சொல்லிடு. என்னை வண்டியிலேருந்து எடுத்துடுங்க. சான்றிதழ் மட்டும் போகவேண்டாம்" என்றார். ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பதினெட்டு வருட வாழ்க்கையில் ஒருமுறைகூட, உனக்கு என்ன வேண்டும் என்று வாய்திறந்து கேட்காத மனிதர். ஆனால் மேசைக்கடியில் குனிந்து மருந்தடித்திருக்கிறார்.

"டப்பா எங்க இருக்கு?"

"வண்டியில."

"கொடுங்க. ஆய்வாளருக்குக் காட்டணும். அதுக்கு முன்னாடி நான் அண்ணியைப் பார்க்கணும்."

நாத்தனார் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சீட்டக்கா வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததில் ஒரு வார்த்தையும் நினைவில் நிற்கவில்லை. கடிதத்தை நீட்டினாள்.

"எனக்கு எழுத்து வேண்டாம். வாயால சொல்லு."

சொன்னாள். பைகளின் கதை, மேசையின் கதை, டப்பாவின் கதை எல்லாம் சொன்னாள். கடைசியில், "எல்லார் முன்னாடியும் கேட்டது என் தப்பு அண்ணி. எல்லார் முன்னாடியும் மன்னிப்பும் கேக்கறேன்" என்றாள்.

நாத்தனார் ஈரத்துணியை இரண்டு முறை உதறினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என் தம்பியா அடிச்சான்?"

"ஆமா."

"உன் காலுக்காக?"

"ஆமா அண்ணி."

"சின்ன வயசுல அம்மாவுக்குத் தலைவலின்னு ஓடிப்போய் எண்ணெய் எடுத்துட்டு வந்தான். எடுத்துட்டு வந்தது விளக்குக்கு ஊத்துற மண்ணெண்ணெய். தேய்ச்சும் விட்டுட்டான்." உதட்டோரம் ஒரு சுழிப்பு வந்தது. "அவன் அன்பு எப்பவுமே நாத்தம்தான். இந்தத் தடவை வாசனையில்லாததா பார்த்து வாங்கியிருக்கான், அந்த மட்டுக்கும் வளர்ந்துட்டான்."

சீட்டக்கா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேக்க ஒன்னும் வரிசை நிக்கல. ஆற அமரக் கேளு. முதல்ல நாளைக்கு வர்ற பொம்பளையைச் சமாளி. எதையும் மறைக்காதே. உனக்கு மறைக்கவும் வராது, மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்."

மறுநாள் வந்த ஆய்வாளருக்கு ஐம்பது வயதிருக்கும். சேறு படிந்த பூட்ஸ், தோளில் பெரிய பை, கையில் தன் தண்ணீர்க் குப்பி. ஒரு வாய் தேநீர்கூட வாங்கமாட்டார். விசாரிக்கப் போகிற இடத்தில் கை நனைக்கக் கூடாதாம். காலையில் மூன்று சரிவு ஏறிப் பார்த்தார். வெட்டின தண்டுகளை அளந்தார், தொடாமல் விட்ட புதர்களை எண்ணினார். பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நாத்தனாரையும் கூப்பிட்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று சீட்டக்காவுக்குத் தெரியாது. அரைமணி நேரம் அவள் கிடங்கு வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மதியத்துக்கு மேல் ஆய்வாளர் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சீட்டக்கா இரண்டு பட்டியலையும் வைத்தாள். பக்கத்தில் டப்பாவையும் வைத்தாள்.

"இது எங்க வீட்டுக்காரர் அடிச்சது மேடம். மேசைக்கடியில. எனக்காக அடிச்சாரு. விதி எழுதிப் போட்டதும் நான்தான், பாதுகாக்க வேண்டியதும் நான்தான். ஏதாவது நடவடிக்கைன்னா என் மேல எடுங்க. முப்பது பேர் மேல வேண்டாம்."

கணவர் கதவோரம் பெட்டிப்பாம்பாக நின்றிருந்தார். ஆய்வாளர் அவரைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது கொசு ஒன்று அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. பட்டென்று அடித்தார்.

"இங்க கொசு இருக்கு" என்றார் மிகவும் தீவிரமாக.

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

"பாருங்கம்மா," என்றார் அவர், "வருஷத்துக்கு நாப்பது இடம் போறேன். 'எப்படி வந்ததுன்னே தெரியல மேடம்'னு சொல்றவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம். அங்க நாளைக்கும் வரும். உங்க கதையில எப்படி வந்தது, எங்க வந்தது, எதுவரைக்கும் வந்ததுன்னு எல்லாம் இருக்கு. வாசல்ல எடுத்த பை இல்லைன்னா நீங்களும் அந்த அக்காவையேதான் சந்தேகப்பட்டுட்டு இருந்திருப்பீங்க."

"பட்டேன் மேடம்" என்றாள் சீட்டக்கா.

"அவங்களும் சொன்னாங்க. 'கேட்டது தப்பில்ல, கேட்ட இடம்தான் தப்பு'ன்னாங்க."

மேசையைச் சுற்றியிருந்த இருபத்திரண்டு சாக்கையும் தனியே நகர்த்திச் சிவப்புக் கயிறு கட்டச் சொன்னார். அந்த இலையை யாரும் குடிக்கக்கூடாது, முத்திரை கிடையாது, நூலுக்குச் சாயம் போடும் பட்டறைக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். மிச்ச நூற்றுப் பதினெட்டிலிருந்து தன் கையாலேயே மாதிரி எடுத்தார். மேசையைப் பக்கத்து அறைக்கு மாற்றவேண்டும், சன்னலுக்குக் கம்பிவலை போடவேண்டும், எல்லோரையும் கூட்டி வைத்து விதியை ஒருமுறை வாசிக்கவேண்டும். "வண்டி ஓட்டறவரையும் சேர்த்துத்தான்" என்று அழுத்திச் சொன்னார். மாதிரி சுத்தம் என்று வந்தால் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது, ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லி, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த நாளே சீட்டக்கா குழுவைக் கூட்டினாள். முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டாள். நாத்தனார், "சரி சரி, உக்காரு, காலைக் கொசு கடிக்கப்போகுது" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கணவர் தலையைக் குனிந்தபடி கம்பிவலைக்கு அளவெடுத்தார்.

போன் எட்டாம் நாள் மதியம் வந்தது. அப்போதுதான் நாத்தனார் ஒரு சாக்கை இறக்கிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மறுமுனையில் பேசியவர் அதே கம்பெனிக்காரர்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்று ஆரம்பித்த அவரே சிரித்துவிட்டார். "பழக்கதோஷம், நல்ல செய்திதான். நூத்திப் பதினெட்டும் சுத்தம். வண்டியை அனுப்பலாம். சான்றிதழும் புதுப்பிச்சாச்சு, கடிதம் வந்துட்டிருக்கு."

நன்றி சொன்னாளா என்று அவளுக்கு நினைவில்லை. போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வெயில் நன்றாக இருந்தது. முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இழுத்து மூச்சு விட்டாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு அண்ணி. எல்லாம் சுத்தமாம்."

"எனக்குத் தெரியும்" என்றார் நாத்தனார் வாயில் சோற்றோடு. ஆனால் அடுத்த கவளத்தை எடுத்தவர் அதை மறந்து மறுபடி டப்பாவிலேயே போட்டதைச் சீட்டக்கா பார்த்துவிட்டாள். அவரும் இத்தனை நாள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

உள்ளே கணவர் சாக்குகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது. ஏதோ பாட்டை ராகமே இல்லாமல் முணுமுணுத்தார். திடீரென்று சீட்டக்காவுக்குப் பசித்தது. மூன்று வாரத்தில் முதல் பசி. காது அடைத்துக்கொண்டு வருகிற பசி.

"என்ன கொண்டுவந்தீங்க?"

"உக்காரு. ரெண்டு பேருக்குப் போதும்." நாத்தனார் டப்பாவை நடுவில் தள்ளினார். "அது கிடக்கட்டும். மேல்சரிவை இந்த வருஷமும் சும்மா போடணும்னு எழுதியிருக்கியே, எந்தக் கணக்குல? அங்க இலை ஆள் உயரம் நிக்குது."

"போன வருஷம் பாதிதான் ஓய்வு கொடுத்தோம் அண்ணி. விதிப்படி…"

"உன் விதியில தீயை வைக்க. நீ வந்து பார்த்தியா?"

"பார்த்தேன். வேர்க்கட்டை இன்னும் மெலிசாத்தான் இருக்கு."

"மெலிசா? என் விரல் மொத்தம் இருக்கு!"

சீட்டக்கா வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டு, விடாமல் எதிர்வாதம் செய்தாள்.